வீட்டுலதான் இருக்கேன்

பெயின்டர்: ஐயோ அக்கா, உள்ளே வராதீங்க! தரையெல்லாம் ஈரம். சைக்கிளைச் சுவத்துல சாய்க்காதீங்க, இப்பத்தான் ஒரு கை அடிச்சு முடிச்சேன்.

மனைவி: நீங்க யாரு?

பெயின்டர்: பெயின்டர். தலை வெள்ளையா இருக்கேன்னு பார்க்கிறீங்களா? வயசு இல்லக்கா, சுண்ணாம்பு.

மனைவி: இது... மூணாவது சந்து, கடைசி வீடுதானே?

பெயின்டர்: அதேதான்.

மனைவி: அப்போ இது என் வீடு. உங்களுக்குச் சாவி யார் குடுத்தா?

பெயின்டர்: வீட்டுக்காரர்.

மனைவி: என் வீட்டுக்காரரா?

பெயின்டர்: உங்க வீட்டுக்காரரை எனக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்டோட வீட்டுக்காரர்.

மனைவி: அதான், அவர் எதுக்குக் குடுக்கணும்? குடியிருக்கிறது நாங்க. நானும் என் வீட்டுக்காரரும்...

பெயின்டர்: அக்கா, எத்தனை வீட்டுக்காரர்? எனக்குத் தலை சுத்துது.

மனைவி: எனக்கும்தான். எங்க சாமானெல்லாம் எங்கே?

பெயின்டர்: நான் வரும்போதே வீடு காலி. அடுத்த வாரம் புதுசா குடி வர்றாங்க. அவங்க கேட்ட கலர்தான் இது.

மனைவி: இருக்காது... வேற வீட்டைச் சொல்றீங்க.

பெயின்டர்: வேற வீட்டுக்கு நான் ஏன் பெயின்ட் அடிக்கப் போறேன்? அது சரி, சொந்த வீட்டைக் காலி பண்ணினதே தெரியாம எங்கே போயிருந்தீங்க?

மனைவி: சைக்கிள் பயணம். ஒரு கடலோரத்துல கிளம்பி இன்னொரு கடலோரம் வரைக்கும், ஒரு கூட்டமா போறோம்.

பெயின்டர்: நாடு முழுக்கவா? எதுக்கு, பந்தயமா?

மனைவி: இல்ல... வாங்குற சம்பளத்துக்குக் கட்டுப்படியாகுற மாதிரி எல்லாருக்கும் வீடு வேணும்னு. ஊர் ஊரா நின்னு பேசுவோம். சில ஊர்ல வீடு கட்டுற இடத்துல செங்கல்லும் தூக்குவோம்.

பெயின்டர்: எல்லாருக்கும் வீடா? ம்க்கும்...

மனைவி: சிரிக்காதீங்க.

பெயின்டர்: சிரிக்கலைக்கா. அடக்கிட்டுத்தான் இருக்கேன்.

மனைவி: வழி இந்தப் பக்கமா வருது. இன்னிக்கு எல்லாருக்கும் ஓய்வு. சொல்லாம கொள்ளாம வந்து அவர் முன்னாடி நிக்கலாம்னு... இருங்க, போன் போடறேன்.

பெயின்டர்: ஸ்பீக்கர்ல போடுங்க. எனக்கும் விளங்கட்டும்.

மனைவி: ஹலோ... எங்கே இருக்கீங்க?

கணவன்: வீட்டுலதான் இருக்கேன். இன்னிக்கு ஸ்கூல் லீவு, பஸ் எடுக்கலை. நீ சாப்பிட்டியா?

பெயின்டர்: அடேங்கப்பா!

கணவன்: யாரது?

மனைவி: கூட... கூட சைக்கிள் ஓட்டுறவர்.

பெயின்டர்: நானா?

மனைவி: சும்மா இருங்க! உங்களை இல்லைங்க, இவரை. வீட்டுல எங்கே இருக்கீங்க?

கணவன்: ஹால்ல. டிவி பார்த்துட்டு இருக்கேன்.

மனைவி: பஸ் ஹார்ன் கேக்குதே?

கணவன்: படத்துல பஸ் வருது.

மனைவி: பக்கத்துல யாராவது இருக்காங்களா?

கணவன்: யாரு இருப்பா? நீ ஏன் இன்னிக்கு ஒரு மாதிரியா பேசறே?

மனைவி: சாயங்காலம் ஆகப் போகுது, கொசு வரும். சமையல்கட்டு ஜன்னலைச் சாத்திடுங்க.

கணவன்: அப்பவே சாத்திட்டேன். கொக்கியும் போட்டாச்சு.

மனைவி: கொக்கி போட்டீங்களா? ஜன்னல் கதவு ரெண்டும் கழட்டி வாசல்ல கிடக்கு. பச்சை பெயின்ட் காயுது.

கணவன்: நீ... நீ எங்கே இருக்கே?

மனைவி: வீட்டுலதான் இருக்கேன்.

பெயின்டர்: அக்கா, முகமே சரியில்லை. வாளியைக் கவுத்துப் போடறேன், உட்காருங்க.

கணவன்: கோபப்படாதே. வாடகையை ஏத்திட்டாங்க. நம்மால எட்ட முடியாது. புது ஆளு குடுக்கறேன்னு நிக்கிறாங்க, காலி பண்ணுன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார்.

மனைவி: எப்போ?

கணவன்: நீ அந்த மலைப்பாதை ஏறின அன்னிக்கு. 'மூச்சு முட்டுது, ஆனா மனசு லேசா இருக்கு'ன்னு போன் பண்ணினே பாரு... அப்போ நான் பாத்திரத்தை மூட்டை கட்டிட்டு இருந்தேன்.

மனைவி: அப்பவே சொல்ல வேண்டியதுதானே!

கணவன்: சொன்னா சைக்கிளைத் திருப்பியிருப்பே.

மனைவி: இப்போ எங்கேதான் இருக்கீங்க?

கணவன்: பஸ் ஷெட்டுக்குப் பின்னாடி. பழைய டயர் போட்டு வைக்கிற ரூம். டயரையெல்லாம் ஓரமா அடுக்கிட்டுக் கட்டிலைப் போட்டேன். பீரோதான் கதவுல நுழையலை. வெளியே தார்ப்பாய் போத்தி நிக்குது.

மனைவி: என் துணியெல்லாம்?

கணவன்: பத்திரமா இருக்கு. லேசா ரப்பர் வாசனை வரும்.

மனைவி: நேத்து மேடையில நின்னு, படுத்துத் தூங்க நாலு சுவர் எல்லாருக்கும் வேணும்னு கத்திட்டு வந்தேன்...

கணவன்: கேட்டேனே. போன்ல போட்டாங்க. ஷெட்டுல எல்லா டிரைவரும் சேர்ந்து பார்த்தோம். நான்தான் முதல்ல கை தட்டினேன்.

மனைவி: டயர் மேல உட்கார்ந்துகிட்டா?

கணவன்: மெத்துனுதான் இருக்கும். விடு... நாளைக்குக் காலையில கூட்டத்தோட கிளம்பிடு. பாதி தூரம் வந்துட்டு நிக்கக் கூடாது.

மனைவி: நான் போகலை.

கணவன்: பார்த்தியா, இதுக்குத்தான் சொல்லலை! நான் மறைச்சது தப்புதான். திட்டு, வாங்கிக்கிறேன்.

மனைவி: திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

கணவன்: என்ன பேசறே? புரியலை.

மனைவி: அந்த வீட்டுக்காரர்... உங்ககிட்ட வேற எதுவும் சொல்லலையா?

கணவன்: என்ன சொல்லணும்? தலையைக் குனிஞ்சுகிட்டே பேசினார். எனக்கே ஒண்ணும் விளங்கலை. நீயும் குழப்பாதே.

மனைவி: காலி பண்ணணும்னு நான் கிளம்புறதுக்கு முந்தின நாளே எங்கிட்ட சொல்லிட்டார். நான் திரும்பி வர்ற வரைக்கும் பொறுங்க, உங்க காதுல போட வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன், சரின்னார். அதை நம்பித்தான் சைக்கிள் ஏறினேன்... உங்களுக்குத் தெரிஞ்சா என்னைப் போக விடமாட்டீங்கன்னு பயம். உங்களை நான் அவ்வளவுதான் தெரிஞ்சு வெச்சிருந்தேன்.