சந்தனம் காய்கிற எடை

முந்தின நாள் சாப்பிடாததால் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பாதி மயக்கமாக உட்கார்ந்திருந்தேன். திருவண்ணாமலை மலை ஜன்னலில் மெல்லப் பின்னால் போனது. முன்சீட்டில் ஆய்வகத் தராசு செய்கிற கம்பெனிக்காரர் ஒருவரும், அதே கம்பெனியில் தராசைச் சரிபார்க்கிற பெண்ணும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“தட்டுல ஒண்ணுமே வைக்காம எடை குறைஞ்சுக்கிட்டே போவுதுன்னு காலேஜ்ல சொன்னாங்களே, இன்னாக்கா ஆச்சு? ஆர்டர் போச்சா?”

“ஆயுதபூஜைக்குத் தட்டு மேலயே சந்தனப் பொட்டு வச்சிருக்காங்கப்பா. சந்தனம் காயுது. போற ஈரத்தை நம்ம தராசு காட்டுது.”

“இன்னொரு கம்பெனி தராசு அசையாம நிக்குதுன்னாங்களே?”

“அதுக்கும் பொட்டு வச்சாங்க. அதுக்குத் தெரியல, நிக்குது.”

“புரொபசர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னா நம்புவாரா? ரெண்டையும் தொடச்சு, புதுசா பொட்டு வச்சு, எதிர்ல சேர் போட்டு அவரை உக்கார வச்சேன். நம்மளுதுல கடைசி நம்பர் ஒண்ணொண்ணா எறங்குது. ஃபேனை நிறுத்தச் சொன்னாரு. மூச்சைக்கூட மெதுவா விட்டாரு.”

“ஆர்டரு?”

“பத்துத் தராசும் நமக்குத்தான். ஆனா கையெழுத்துக்குப் பேப்பரை நீட்டினா, ‘இரும்மா, இன்னும் காயல’ன்னுட்டாரு.”