அரை டிக்கெட்டோட மூணு மணி

கேக்குதுங்க, நல்லாவே கேக்குது. என் மூஞ்சி தெரியலையா? போனை டவல் அடுக்கு மேல சாச்சு வெச்சிருக்கேன், அது சரிஞ்சு சரிஞ்சு போகுது. இப்ப? சீலிங்கு தெரியுதா? இருங்க இருங்க… ஆங். இதுதான் நான். பயந்துடாதீங்க.

கவுன்சிலிங்னா வீட்டுலேர்ந்து பேச முடியாதுங்க மேடம். ரெண்டே ரூம். வீட்டுக்காரர், மகன், மருமக. ஒருத்தர் தும்மினா மத்தவங்கல்லாம் மூக்கத் தொடச்சிக்கணும், அவ்ளோ நெருக்கம். நான் வாயத் தொறந்தா மறுநாள் மருமகளோட அம்மா வீட்டுல அது பேச்சா இருக்கும். அதான் வேலை செய்ற எடத்துலயே உக்காந்துட்டேன். ஹோட்டலுங்க, இது துணி ரூம். இந்தப் பக்கம் பூரா படுக்கை விரிப்பு, எதுத்தாப்ல தலகாணி உறை, எனக்குப் பின்னாடி வெள்ளையா மலை மாதிரி இருக்கே, அது டவலு. எட்டு மாடிக்கும் இங்கேர்ந்துதான் போகணும். மூணுலேர்ந்து நாலு வரைக்கும் எனக்கு ஓய்வு.

கதவா? தொறந்துதான் இருக்கு. இல்லீங்க, மூட மாட்டேன். யாராச்சும் வந்தா நான் பாட்டுக்கு சலவை மிஷின்காரங்ககிட்ட பேசுற மாதிரி பேசுவேன், நீங்க கண்டுக்காதீங்க.

என்னய எப்படிக் கூப்பிடறதா? இங்க எல்லாரும் சூப்பர்வைசரம்மாம்பாங்க. நீங்க எப்படி வேணா கூப்பிடுங்க. பெரியம்மான்னு மட்டும் வேணாம். என் கொழுந்தனாரு பொண்ணு பேச ஆரம்பிச்சப்ப என்னயப் பாத்து பெரியம்மான்னுச்சு. முறைக்கு அதான? ஆனா எனக்கு அந்தப் பேரு ஆகாது. அம்மான்னே கூப்பிடுடா செல்லம்னு சொல்லிக் குடுத்துட்டேன். என் ஓரகத்தி ஆறு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல. எம்பொண்ண இவ பறிக்கப் பாக்குறான்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சா. நான் என்னன்னு போயி அவளுக்கு வெளக்குவேன்?

ஆமாங்க, அதேதான். நாங்க சின்னதுல வளந்த ஹோமை நடத்துன அந்த அம்மாவ நாங்க அப்படித்தான் கூப்பிடணும். நாப்பது பொண்ணுங்களுக்கும் பெரியம்மா. அரை டிக்கெட் உங்ககிட்ட சொல்லியிருப்பா.

ஐயோ, உங்களுக்கு அவ நெசப் பேருதான தெரியும். எங்களுக்கு எப்பவும் அரை டிக்கெட்டுதான். ஹோமுக்கு வந்து சேந்தப்ப கட்டில் உயரந்தான் இருந்தா. இப்ப பள்ளிக்கூட வேன் ஓட்டுறா, ஸ்டியரிங்குக்கும் அவ வயித்துக்கும் நடுவுல ஒரு வெரல் நுழையாது. சொன்னா, எனக்கு முழு டிக்கெட் போட வக்கில்லாதவங்க எல்லாம் பேசாதீங்கம்பா. நீங்க சிரிக்கிறீங்க. அவ வந்தா நீங்க சிரிப்பீங்களாமே, சொல்லியிருக்கா.

எட்டு மாசமா பாக்குறேன். பிள்ளைங்கள எறக்கி விட்டுட்டு, வேனை மரத்தடியில நிறுத்தி, கண்ணாடிய ஏத்திட்டு, போனை முன்னாடி வெச்சுக்கிட்டு உங்ககிட்ட அழுவா. முதல்ல நான் கண்டபடி திட்டுனேன். நேர்ல பாக்காத ஆளுகிட்ட போன்ல என்னடி ஒப்பாரி, நாப்பது வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்சதக் கிண்டி என்னத்த எடுக்கப் போறன்னு. ஆனா பொய் சொல்லக் கூடாதுங்க. மாத்தம் தெரிஞ்சுது. சாப்பிடும்போது இடது கையால தட்டைச் சுத்தி அணை கட்டிக்குவா, யாரோ புடுங்கிடுவாங்கங்கிற மாதிரி. அது நின்னுச்சு. லிஃப்டுல ஏறுனா. மாடிப்படிய விட்டா வேற தெரியாதவ, இந்த ஹோட்டல்ல அஞ்சாவது மாடி வரைக்கும் என் கையப் புடிச்சுக்கிட்டு லிஃப்டுல வந்தா. வந்து எறங்கி, என்னமோ மலை ஏறுனவ மாதிரி இடுப்புல கை வெச்சுக்கிட்டு நின்னா. அன்னிக்கு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அப்பலேர்ந்துதான் நச்சரிப்பு. அக்கா நீயும் பேசு, நீயும் பேசுன்னு.

வாடி, எத்தனை டவலு வேணும்? மூணாவது மாடிக்கா? பன்னெண்டு எடுத்துக்க. அதுல எடுக்காத, அது கறை பட்டது, தனியா வெச்சிருக்கேன். ஆமாடி, மிஷின்காரங்கதான், ட்ரம் சுத்த மாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். போ போ.

மன்னிச்சுக்குங்க. நல்ல பொண்ணு, வாய்தான் ஓயாது. எதுல விட்டேன்?

ரொட்டி. ஆமா, அதத்தான் அவ முதல்ல சொல்லியிருப்பா. எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்றா. படிக்கட்டுக்கு அடியில ஒரு சாமான் ரூம் இருந்துச்சுங்க. விளக்குமாறு, பினாயில் டப்பா, ஒடஞ்ச நாற்காலி. தப்பு பண்ணா அதுக்குள்ளதான். என்ன தப்பா? விரிப்ப நனைச்சா. சாப்பாடு பத்தலன்னு கேட்டா. சில நாளு என்னன்னே தெரியாது. எங்க ஹாலுக்கு நான் லீடரு. லீடர்னா காலைல எந்திரிச்சு ஒவ்வொரு கட்டில்லயும் கைய வெச்சுப் பாத்து, ஈரமா இருக்கறது யாரு எவருன்னு பெரியம்மாகிட்ட ஒப்பிக்கணும். ஒப்பிக்கலன்னா லீடருக்கு அடி. கேபிள் வயரு. அதுக்கு மேல அதப் பத்தி வேணாங்க, இன்னிக்கு வேணாம்.

கதவுக்கு அடியில ஒரு வெரல் அளவு சந்து இருக்கும். அரை டிக்கெட் உள்ள இருந்தப்ப ரொட்டிய உள்ளங்கையில வெச்சு நசுக்கித் தட்டையாக்கி அது வழியா தள்ளுவேன். அந்தப் பக்கம் ஒரு சின்ன வெரலு வந்து இழுத்துக்கும். அது நெசந்தாங்க. நான் குடுத்தது நெசந்தான்.

போன ஞாயித்துக்கிழமை எங்க ஹோமு பொண்ணுங்க எல்லாம் போன்ல ஒண்ணு கூடுனோம், நீங்கதான் ஏற்பாடு பண்ணீங்களாம்ல, உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா இருந்தாங்க. பன்னெண்டு மூஞ்சி, பன்னெண்டு கட்டத்துல. அரை டிக்கெட்ட விட்டா ஒருத்தியையும் அடையாளம் தெரியல. ஒருத்திக்குப் பல்லே இல்ல. ஒருத்தி டீச்சராம், கண்ணாடி போட்டுக்கிட்டு. ஆளாளுக்கு நீதானா நீதானான்னு ஒரே கூச்சல், அழுகை. அதுல அரை டிக்கெட் எந்திரிச்சு, நான் உயிரோட இருக்கேன்னா அது இந்த அக்காவாலதான்னு என்னயக் காட்டுனா. எல்லாரும் கை தட்டுனாங்க. நான் நெட்டு போயிடுச்சுன்னு கட் பண்ணிட்டேன்.

நெட்டு போகலீங்க. நல்லாத்தான் இருந்துச்சு.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடி அந்தக் காகிதத்தப் பத்திப் பேச்சு வந்துச்சு. அவ உங்ககிட்ட சொன்னாளா? வருஷத்துக்கு ஒரு தரம் மேலிடத்துலேர்ந்து ஒரு அம்மா ஹோமப் பாக்க வருவாங்க. அன்னிக்கு மட்டும் எல்லாருக்கும் ரிப்பன், துவைச்ச துணி, தட்டுல ரெண்டு பிஸ்கட்டு. அந்தம்மா வந்தா கையில குடுக்கறதுக்குன்னு அரை டிக்கெட் நோட்டுலேர்ந்து ஒரு தாளக் கிழிச்சு எழுதி வெச்சா. எங்கள அடிக்கிறாங்க, சாமான் ரூம்ல போடுறாங்க, எங்கள வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அவ்ளோதான், மூணு வரி. நாப்பது பேர்ல ஒரு பெரிய பொண்ணுக்கும் வராத துணிச்சல் அந்தக் கட்டில் உயரத்துக்கு வந்துச்சு பாருங்க. தலகாணி உறைக்குள்ள மறைச்சு வெச்சிருந்தா.

அந்தம்மா வர்றதுக்கு முந்துன நாளு அந்தத் தாளு பெரியம்மா கையில இருந்துச்சு. மூணு நாளு சாமான் ரூம். வந்தவங்ககிட்ட அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு, தனியா வெச்சிருக்கோம்னு சொல்லிட்டாங்க. அவளுக்கு வலது காது கேக்காதுல்ல? அது அப்ப வாங்குன அடியில போனதுதான்.

யாரு காட்டிக் குடுத்ததுன்னு ஞாயித்துக்கிழமை ஒரே சண்டை. டீச்சரு சொல்றா வாட்ச்மேனாம். பல்லு இல்லாதவ சமையக்காரம்மாதான்னு சத்தியமே பண்றா. அந்த அம்மா பாவம், செத்து எத்தனை வருஷமோ. ஆளாளுக்கு அதத் திட்டுறாங்க.

நான்தாங்க சொன்னேன். இந்த ட்யூப்லைட் உங்களுக்குக் கண்ணுல அடிக்குதா? போனைக் கொஞ்சம் திருப்பி வெக்கிறேன்.

அவதான் வந்து கேட்டா, அக்கா, அடிக்கிறாங்கன்னு எழுதணும், சின்ன ர-வா பெரிய ற-வான்னு. அவளுக்கு எழுத்து சொல்லிக் குடுத்ததே நான்தான். பெரிய ற-டின்னேன். எதுக்குன்னு கேட்டேன். காதுக்குள்ள சொன்னா, வேற யார்கிட்டயும் சொல்லாதன்னு. அன்னிக்கு சாயங்காலமே பெரியம்மாகிட்ட போயி நின்னேன். யாரும் என்னய அடிச்சுக் கேக்கலீங்க. கேட்டிருந்தா கூட மனச ஆத்திக்கலாம். நானாப் போனேன். முந்துன வாரம் ஒருத்திய மறைச்சதுக்கு வாங்குன அடி முதுகுல காயல, இதையும் மறைச்சா என்னாகும்னு ஒரு பயம். பயம் மட்டும்னு சொல்லவும் முடியல.

சொன்னதும் பெரியம்மா என்னயத் தன் காலுக்கு நடுவுல உக்கார வெச்சு தலை வாரி விட்டாங்க. சிக்கெடுத்து, எண்ணெய் வெச்சு, ரெட்டை சடை. என் அம்மா போனதுக்கு அப்புறம் என் தலைய யாரும் தொட்டதில்ல. எனக்கு… நல்லா இருந்துச்சுங்க. அதான். அந்த நேரத்துல நல்லா இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் வாரக் கூடாதான்னு இருந்துச்சு. மறுநாளு கதவுக்கு அந்தப் பக்கம் அவ சத்தம் கேட்டப்ப சடை ரெண்டையும் பிச்சுப் போட்டுட்டேன். அதுக்கப்புறந்தான் ரொட்டி.

ஒரு நிமிஷம். இல்ல, இருக்கேன். இங்க தண்ணி பாட்டில்… ம்.

அவளுக்குத் தெரியுமான்னு கேக்குறீங்க. நேத்து சொல்லிட்டேங்க. ஞாயித்துக்கிழமைலேர்ந்து சோறு எறங்கல. கை தட்டுன சத்தமே காதுல. நேத்து மத்தியானம் நேரா வேன் நிக்கிற எடத்துக்குப் போயி பக்கத்து சீட்டுல ஏறி உக்காந்தேன். கேக்குற காது பக்கம் சாஞ்சு, எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, அந்தத் தாளு விஷயம் நான்தாண்டின்னு சொன்னேன்.

அவ வேன் சாவிய எடுத்துத் துடைச்சா. அப்புறம், தெரியும்கான்னா.

என்னடி தெரியும்? எப்பலேர்ந்து?

அப்பவே தெரியும்கா. உன் பின்னாடியேதான வந்தேன். கதவுக்கு வெளில நின்னு கேட்டேன். நீ சொன்னதையும் கேட்டேன், தலை வாருனதையும் பாத்தேன். ஓடிப் போயி தாள வேற எடத்துல வெக்கலாம்னு போனேன், அதுக்குள்ள பெரியம்மா வந்துட்டாங்க.

பின்ன எதுக்குடி இத்தனை வருஷம் அக்கா அக்கான்னு என் பின்னாடி சுத்துனன்னு கேட்டேன். என் கல்யாணத்துக்கு வந்தவ அவ ஒருத்திதான். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்தவ அவதான்.

என்னயத் திரும்பிப் பாத்தா. எனக்கு வேற யாரு இருந்தாங்கக்கா, அப்படின்னா.

அவ்ளோதான். அதுக்குள்ள பிள்ளைங்க விடற நேரம் ஆயிடுச்சு. வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு, எறங்குக்கா, நாளைக்கு மூணு மணிக்கு கவுன்சிலிங் என்னோடது, மேடம்கிட்ட நான் கேட்டுக்குறேன், என் எடத்துல நீ உக்காருன்னா. எறங்கி நின்னேன். வேன் தெரு முனை திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். ரெண்டு அறை விட்டிருந்தா தேவலாங்க. எங்கேயாவது போயித் தொலைன்னு சொல்லியிருந்தா எனக்கு வழி தெரிஞ்சிருக்கும். அவ தெரியும்னுட்டா. இப்ப நான் என்ன பண்றதுன்னுதான் உங்ககிட்ட…

எனக்கா? அப்ப எனக்கு என்ன வயசா?

இத யாரும் கேட்டதில்லீங்களே. நானே யோசிச்சதில்ல. மனசுல பாத்தா அங்க போயி நிக்கிறவ வளந்த பொம்பளையாட்டம்தான் நிக்கிறா. இருங்க. அவ அப்ப ரெண்டாம் கிளாஸ். அம்மா போனது நான் மூணாவது படிக்கும்போது. அதுக்கு மறு வருஷந்தான் இது.

ஒம்பது.

ஒம்பதுதாங்க.