ஞாயிற்றுக்கிழமை ஸ்பூன்

– ஜாடியைக் கழுவிக் கவுத்தே வெச்சுட்டியே, அந்தத் துணிச்சலுக்கு என்ன பேரு சிஸ்டர்?

– கத்தாதீங்க டீச்சர். சுவத்துக்கு அந்தப் பக்கம் பிரசவ வார்டு.

– கேக்கட்டும்! அவங்களுக்கு நம்ம பாஷையா புரியப்போகுது? ஊறுகாய் எங்கன்னு கேக்கிறேன்ல?

– தின்னுட்டேன்.

– எவ்வளவு?

– எல்லாத்தையும்.

– அடிப்பாவி! எங்க அக்கா போட்டு அனுப்பினதுடி அது. எண்ணெய் கசியாம ஆறு கவர் சுத்தி, நாலு ஏர்போர்ட் தாண்டி, இங்க வந்து சேர ரெண்டு மாசம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை மட்டும் ஆளுக்கு ஒரு ஸ்பூன்னு சட்டம் போட்டது யாரு? நீ. ஜாடியில பேனாவால கோடு கிழிச்சது யாரு? நீ!

– நான்தான். மீறினதும் நான்தான்.

– பேச்சைப் பாரு! சம்பளமில்லாம சேவை செய்யணும்னு நம்ம ரெண்டு பேரும் கடல் தாண்டி வந்தோம். மூணு வேளையும் அதே வெந்த பீன்ஸ், அதே சப்புன்னு இருக்கிற ரொட்டி. அந்த ஒரு ஸ்பூனை நெனச்சுத்தான் வாரம் பூரா அறுபது பிள்ளைங்களோட மல்லுக்கட்டறேன், தெரியுமா?

– தெரியாம என்ன? தூக்கத்துலயே சட்னி அரைக்கிறீங்க. ‘இன்னும் கொஞ்சம் புளி, இன்னும் கொஞ்சம் புளி’ன்னு உளறுறதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு.

– நக்கலா?

– நக்கல் இல்ல. கட்டிலுக்கு அடியில பிஸ்கட் டப்பாவை ஒளிச்சு வெச்சு, போர்வைக்குள்ள நறுக் நறுக்குன்னு கடிச்சது யாரு? நான் ஒரு வார்த்தை கேட்டேனா?

– அது... எனக்குத் தலைசுத்தல் வரும், அதுக்காக.

– ஆமா, அதை ஒரு நர்ஸ்கிட்டயே சொல்லுங்க.

– பேச்சை மாத்தாத! ஒரு மாசமாவே நீ சரியில்ல. போன வாரம் தக்காளி கிடைச்சுதுன்னு ஒரு குழம்பு வெச்ச. வாயில வைக்க முடிஞ்சுதா? உப்பை அள்ளிக் கொட்டியிருந்த. முந்தாநாள் பால் அடிபிடிச்சு வீடே நாறுது, நீ என்னடான்னா அதையே டம்ளர்ல ஊத்தி மடக் மடக்குன்னு குடிக்கிற. எல்லாம் என்னை விரட்டத்தானே?

– உங்களை விரட்டி எனக்கு என்ன ஆகப்போகுது?

– நான் ரூம் மாத்தித் தரச் சொல்லி ஆபீசுக்கு எழுதினது உன் காதுக்கு வந்துருச்சு. அந்தக் கடுப்பு உனக்கு.

– எழுதினீங்களா?

– ...உனக்குத் தெரியாதா?

– இப்பத்தான் தெரியும்.

– தெரிஞ்சுக்கோ. இன்னிக்கு இன்னொண்ணும் எழுதியிருக்கேன். கூட இருக்கிறவ சாப்பாட்டையே திருடுறவ கையில மருந்து அலமாரிச் சாவி இருக்கலாமான்னு. ஆபீஸ் வண்டி டிரைவர் லெட்டரை வாங்கிட்டுக் கிளம்பிட்டாரு. சாயங்காலம் மேனேஜர் மேசையில இருக்கும்.

– திருடியா? பதினாலு மாசம் ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிட்டிருக்கோம் டீச்சர். நீங்க காய்ச்சல்ல கெடந்தப்ப, வாந்தியெடுத்த பக்கெட்டை அலம்பினது இந்தக் கைதான்.

– அதே கைதான் என் ஜாடியையும் அலம்பியிருக்கு! சொல்லிக் காட்டுறியா? அடுத்த வாரமே அந்தக் காய்ச்சல் உன்னையும் படுக்க வெச்சுதே, அப்ப உன்னை யாரு பாத்தது?

– நீங்கதான். கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டீங்க. இல்லேன்னு சொல்லல.

– அப்புறம் என்ன? ஒரு வார்த்தை கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டேனா?

– மாட்டீங்க.

– மாட்டேன்தான்! அரை ஸ்பூன் கூட அதிகமா தந்திருக்க மாட்டேன். அதுக்காக ஒளிஞ்சு உக்காந்து முழு ஜாடியையும் காலி பண்ணுவியா? ரொட்டியோடயாவது தின்னியா?

– வெறும் வாயில. நேத்து மத்தியானம், நீங்க பள்ளிக்கூடம் போனதும், உக்காந்த இடத்துலயே.

– ஐயோ, வயிறு எரியுதுடி எனக்கு! போன் பண்ணா எங்க அக்கா முதல்ல அதைத்தான் கேப்பா. ‘கடைசி வரைக்கும் நல்லா இருந்துச்சா?’ன்னு. நான் என்னத்தைச் சொல்ல? தின்னவ நீதானே, எப்படி இருந்துச்சு? அதையாவது சொல்லித் தொலை!

– தெரியல டீச்சர். அந்தக் காய்ச்சல் விட்டதுலேருந்து எனக்கு வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. ஆபீசுக்குத் தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடல. உங்க அக்கா ஊறுகாய்லயாவது திரும்பக் கிடைச்சிராதான்னு ஒவ்வொரு ஸ்பூனா தேடிக்கிட்டே போனேன். நாக்கு எரிஞ்சுது, கண்ணுல தண்ணி கொட்டுச்சு, ஜாடியும் காலியாயிருச்சு... ருசி மட்டும் வரவே இல்ல.