முதலாளி குரலில் எட்டு மாதம்

உங்கள் ஸ்டேஷனில் இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, மேடம். ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆடாது. இருபத்திரண்டு வருஷம் ஒரே அலுவலகத்தில் குப்பை கொட்டியவளுக்கு இதெல்லாம்தான் முதலில் கண்ணில் படும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலிலிருந்தே சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எங்களுடையது லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனம். நாற்பது மெக்கானிக்குகள், முந்நூறு கட்டிடங்கள். நான் அலுவலக மேலாளர். மேலாளர் என்பது அடையாள அட்டையில் போட்டிருப்பது. முதலாளிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது முதல் அவர் மனைவியிடம் அவருக்காகப் பொய் சொல்வது வரை எல்லாமே என் தலையில்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழுதான லிஃப்டின் மெயின் சுவிட்சுக்கு மெக்கானிக் பூட்டுப் போட்டுவிட்டால், முதலாளி வாயால் சொன்னால்தான் அதைத் திறக்கலாம். கடிதம் செல்லாது, கையெழுத்தும் செல்லாது. முன்பு ஒருமுறை யாரோ அவர் கையெழுத்தைப் போட்டு ஒரு பூட்டைத் திறக்க வைத்துவிட்டார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து, "கையெழுத்தை எவன் வேணா போடுவான். என் தொண்டையை எவன் போடுவான்?" என்பார். திருப்பிக் கேள்வி கேட்பவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். அதனால் யாரும் கேட்பதில்லை.

போன வருஷம் அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. விஷயம் வெளியே தெரிந்தால் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள் என்று வீட்டில் பயந்தார்கள். அப்போதுதான் மாப்பிள்ளை, அதாவது முதலாளியின் மகளைக் கட்டியவர், ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார். பழைய ஒலிப்பதிவுகளைக் கொடுத்தால் அதே குரலில் பேசுமாம். பதிவுகள் யாரிடம் இருந்தன? என்னிடம். கடிதம் எழுதுவதற்காக அவர் சொல்லச் சொல்ல நான் பதிவு செய்து வைத்தவை. இருமல், அதட்டல், நடுவில் "என்ன சொல்லிட்டிருந்தேன்" என்று தடுமாறுவது, எல்லாம் இருந்தன. ஒன்றைக்கூட நான் அழித்ததில்லை.

முதலாளி சிலேட்டில் எழுதுவார், நான் டைப் அடிப்பேன், போன் அவர் குரலில் பேசும். ஒவ்வொரு பதிலுக்கும் ஏழெட்டு விநாடி ஆகும். அந்த இடைவெளியில் ஒரு இருமலை வைக்கலாம் என்று கண்டுபிடித்தது நான்தான். விஷயம் நான்கு பேருக்குத்தான் தெரியும்: அவர், அவர் மனைவி, மாப்பிள்ளை, நான். மற்ற யாரையும் அவர் நேரில் பார்ப்பதில்லை. இரண்டே மாதத்தில், அவர் எழுதுவதற்கு முன்பே என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அவர் பக்கத்து அறையில் தூங்குவார், நான் பேசிக்கொண்டிருப்பேன். ஒரு புகார் கிடையாது. "ஐயா இப்பல்லாம் கத்தறதே இல்ல" என்று மெக்கானிக்குகள் என்னிடமே வந்து சொன்னார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எட்டாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். மாப்பிள்ளையும் இருந்தார். வருகிற திங்கட்கிழமையிலிருந்து மாப்பிள்ளைதான் எல்லாம், அந்தப் போனும் அவர் கைக்குப் போகிறது என்று முடிவு செய்திருந்தார்கள். "மாமா, அவங்க மனசு கஷ்டப்படுமே. இத்தனை நாளா அவங்கதானே பார்த்துக்கிட்டாங்க" என்றார் மாப்பிள்ளை. நல்ல பிள்ளைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி சிலேட்டில் எழுதிக் காட்டினார். நான் கதவோரம் நின்றது அவருக்குத் தெரியாது.

'டைப் அடிக்கத்தானே ஒரு ஆள். யாரா இருந்தா என்ன.'

நான் அழவில்லை. என் அம்மா போன அன்றைக்குக்கூட அரை நாள்தான் விடுப்பு எடுத்தேன். அவருடைய இருமலைக்கூட நான்தான் இருமினேன். என்னைப் போய் ஒரு ஆள் என்று எழுதினார். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, மேடம். ஃபைலை மேஜையில் வைத்துவிட்டு, மாத்திரை நேரமாகிவிட்டது என்று ஞாபகப்படுத்திவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை ஒரு ஒன்பது மாடிக் கட்டிடத்தைப் பார்வையிடப் போவதாக இருந்தது. நட்டு என்பவன் இரண்டு நாள் முன்புதான் அங்கே ஒரு லிஃப்டைப் பூட்டியிருந்தான். நட்டு எங்கள் மூத்த மெக்கானிக். கழன்ற ஆள் என்று அர்த்தமில்லை. சட்டைப்பையில் எப்போதும் நாலு நட்டு கிலுகிலுத்துக்கொண்டிருக்கும், அதனால் அந்தப் பெயர். பதினாறு வருஷத்துக்கு முன் நான்தான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். அக்கா, அக்கா என்று உயிரை விடுவான். அந்த லிஃப்டின் பிரேக் தேய்ந்துபோயிருந்தது. வேகம் மிஞ்சினால் கவ்விப் பிடிக்கிற பிடியையும் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பியிருந்தான்.

என் கணக்கு ரொம்பச் சின்னது. மாப்பிள்ளை ஏறுவார், லிஃப்ட் நிற்க வேண்டிய மாடியைக் கொஞ்சம் தாண்டிப் போகும், அவருக்கு நாக்கு உலர்ந்துவிடும், இந்தத் தொழிலே வேண்டாம் என்று ஓடிவிடுவார். அந்தப் போன் யார் கையில் இருந்தால் பத்திரம் என்று முதலாளிக்கு உறைக்கும். அவ்வளவுதான். யாருடைய உயிருக்கும் நான் ஆசைப்படவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

ஒன்பதே முக்காலுக்கு முதலாளி குரலில் நட்டுவைக் கூப்பிட்டேன்.

"பூட்டை எடுடா. மாப்பிள்ளை வர்றாரு, அந்த லிஃப்ட்லயே ஏத்து."

"ஐயா, பிரேக் தேய்ஞ்சு போயிருக்கு. பிடியும் பட்டறையில இருக்கு."

"லிஃப்ட் செஞ்ச கம்பெனியில பேசிட்டேன். அந்தத் தேய்மானம் தாங்கும். எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னா சரிங்கய்யா."

"சாப்டியாடா?" என்று அடித்தேன். முதலாளி தனக்குப் பிடித்தவர்களிடம் மட்டும் கேட்கும் கேள்வி அது. "சாப்டேங்கய்யா" என்றான். சின்னப் பிள்ளை மாதிரி அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். ஒவ்வொரு பதிலுக்கும் ஏழெட்டு விநாடி இருந்ததே, வேறு எதையாவது அடித்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். டைப் அடிக்கும்போது நான் யோசிப்பதில்லை, மேடம். வேகம் குறைந்துவிடும்.

பத்து மணி பத்து நிமிடம். மாப்பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை. நட்டு தனியாக ஏறியிருக்கிறான். லிஃப்ட் விழுந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். விழவில்லை. மறுபக்கம் தொங்கும் எடை, ஒற்றை ஆள் ஏறிய லிஃப்டைவிடக் கனம். பிரேக் பிடிக்காவிட்டால் லிஃப்ட் மேலேதான் பாயும். உச்சி வரைக்கும் பாய்ந்து மோதியது. விபத்து அறிக்கை எழுதி எழுதிக் கை பழகியவள் சொல்கிறேன், உங்கள் குறிப்பில் 'விழுந்து' என்று இருக்கிறது. திருத்திவிடுங்கள்.

அவன் செத்த தகவலை அவன் மனைவிக்குச் சொன்னதும் நான்தான். "ஐயா ஏன்க்கா பூட்டை எடுக்கச் சொன்னாரு? இவரு அவரைச் சாமி மாதிரி நெனச்சாரே" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அந்த வாரம் முழுக்க முதலாளி, வருகிற போகிறவர்களிடமெல்லாம் 'நான் சொல்லலை' என்று எழுதிக் காட்டினார். அதிர்ச்சியில் ஐயாவுக்குக் குரல் அடைத்துவிட்டது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. எழுத்தை நம்பாதே என்று பழக்கியவர் அவர்தானே.

ஆகவே, குரல் அவருடையது, வழக்கம் அவருடையது, மென்பொருள் மாப்பிள்ளையுடையது. என் பங்கு எவ்வளவோ அதை நான் மறைக்கவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

சரியாகப் பத்து மணிக்கு என் சொந்தப் போனுக்கு வந்த அந்த ஓர் அழைப்பைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நாற்பது விநாடிகூட இருக்காது. நட்டுதான் பேசினான்.

"அக்கா, ஐயா பூட்டை எடுக்கச் சொல்றாரு. எனக்கு மனசு ஒப்பல. அவர்கிட்ட திருப்பிக் கேக்க முடியாது. மாப்பிள்ளையை ஏத்தறதுக்கு முன்னாடி நான் ஒருக்கா ஏறிப் பாத்துடறேன். உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, எனக்கு அது போதும். ஏறலாமா?"

"ஏறுப்பா" என்றேன்.

என் குரலில்தான். அதை இந்த வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டாம், மேடம். அது அலுவலக விஷயம் இல்லை. அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டது.