பதினோரு படத்துக் குரல்

டப்பிங்காரர்: கதவ நல்லா சாத்திட்டு வாங்க, லிஃப்ட் சத்தம் உள்ள பதிவாகும்... அட, சார், நீங்களா?

பாடகர்: நா... நான்தான்.

டப்பிங்காரர்: பதினோரு படம் உங்களுக்குப் பேசியிருக்கேன். நேர்ல இப்பத்தான் பாக்குறேன். டிவியில பாக்குறப்போ மேடையில இன்னும் கொஞ்சம் உயரமா இருப்பீங்களே.

பாடகர்: அது பூ... பூட்ஸு, அண்ணே.

டப்பிங்காரர்: அதான பாத்தேன். ஒக்காருங்க. மைக்க மட்டும் தட்டிராதீங்க.

பாடகர்: டைரக்டர் சொ... சொன்னாரு. அந்த ஆஸ்பத்திரி சீனுக்கு மட்டும் நீங்க பேச மாட்டேன்னுட்டீங்களாம்.

டப்பிங்காரர்: தொண்டை சரியில்ல சார்.

பாடகர்: இப்ப நல்லாத்தான பே... பேசுறீங்க. கணீர்னு. படத்துல எனக்கு வர்ற அதே குரல். எதிர்ல ஒக்காந்து கேக்க ஒரு மாதிரி இருக்கு. வீட்டுலயும் இதே குரல்தானா?

டப்பிங்காரர்: வீட்டுல நான் அதிகம் வாயத் தொறக்குறதில்ல... அத விடுங்க. உங்ககிட்ட ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும். கேக்கவா?

பாடகர்: கே... கேளுங்க.

டப்பிங்காரர்: ஷூட்டிங்ல நீங்க பேசுனத ஹெட்போன்ல கேட்டுக்கிட்டுத்தான் இங்க நான் பேசுவேன். ஜனங்க அதக் கேட்டதில்ல. நான் கேட்டிருக்கேன். வசனம் அத்தனையும் நீங்க பேசல சார்... பாடியிருக்கீங்க.

பாடகர்: அ... அதையும் கேட்டுட்டீங்களா?

டப்பிங்காரர்: வில்லன் சட்டையப் புடிச்சுத் தூக்குறீங்க. வெட்டிருவேன்னு மிரட்டுறீங்க. அதுவும் தாலாட்டு மாதிரி. மொத நாள் சிரிச்சு சிரிச்சு எனக்குப் புரையேறிப்போச்சு.

பாடகர்: பாடுனா தி... திக்காது அண்ணே. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். அதனாலதான் ராக் பாட்டுப் பக்கமே போனேன். கத்துறதுக்கு எவன் த... தடுக்கி விழப்போறான்? அதப் பாத்துட்டு ஒருத்தரு நடிக்கக் கூப்பிட்டாரு. மொத ஷாட்ல 'நில்லு'ன்னு ஒரே வார்த்தை...

டப்பிங்காரர்: வரல.

பாடகர்: அர மணி நேரம் வரல. வேற வழியில்லாமப் பா... பாடிப் பாத்தேன். வாய் அசைஞ்சா போதும், மிச்சத்த டப்பிங்ல பாத்துக்கலாம்னுட்டாங்க.

டப்பிங்காரர்: அதான் பேட்டியே குடுக்குறதில்லையா?

பாடகர்: திமிர் புடிச்சவன்னு எழுதுறாங்க. எழுதட்டும். தி... திக்குவாய்னு எழுதுறதுக்கு அது எவ்வளவோ மேல்.

டப்பிங்காரர்: சரி... ஆஸ்பத்திரி சீன்ல மட்டும் ஏன் பாடல?

பாடகர்: அந்த சீனுக்கு ஏன் பேச மாட்டேங்கிறீங்கன்னு நீங்க இன்னும் ப... பதில் சொல்லல.

டப்பிங்காரர்: சொல்றேன். மொதல்ல நீங்க.

பாடகர்: கட்டில்ல அப்பா வேஷத்துல படுத்திருந்தவரு... கிட்டப் போய்ப் பாத்தா எங்கப்பா சாயல். எங்கப்பாவுக்கு என் பாட்டே புடிக்காது. அவரு முன்னாடி நான் பா... பாடுனதில்ல. கடைசி வரைக்கும் சரியாப் பேசுனதும் இல்ல. அன்னிக்கு வாயில பாட்டு வரல, அண்ணே.

டப்பிங்காரர்: 'மன்னிச்சிருங்கப்பா'ன்னு ஒரே வார்த்தை. அதச் சொல்லி முடிக்கப் பதினாலு செகண்டு.

பாடகர்: எண்ணுனீங்களா?

டப்பிங்காரர்: அழுதேன் சார். அப்புறம்தான் எண்ணுனேன்.

பாடகர்: அதையே அப்படியே படத்துல வைக்கச் சொன்னீங்களாமே. வெள்ளிக்கிழமை படம் வருது. சனிக்கிழமை எனக்குக் கச்சேரி. மைக்கத் தொட்டதுமே கீழேருந்து எவனாவது 'ம... ம... ம'ன்னு கத்துவான். பத்து வருஷமாப் பொத்திப் பொத்தி வச்சது. உங்களுக்கு ஒரு நி... நிமிஷ வேல. பேசிக் குடுத்துருங்க அண்ணே, கெஞ்சிக் கேக்குறேன்.

டப்பிங்காரர்: முடியாது சார்.

பாடகர்: எம்மேல என்ன கோ... கோவம்?

டப்பிங்காரர்: கோவமா? பத்தொம்பது டேக் போனேன். பத்தொம்பதுலயும், நீங்க திக்கி நின்ன அதே எடத்துல நானும் நின்னுட்டேன்.

பாடகர்: என்னைக் கேட்டுட்டு அதே மாதிரி நடிச்சீங்களா?

டப்பிங்காரர்: டைரக்டரும் அப்படித்தான் நெனச்சாரு. அச்சு அசலா இருக்குன்னு கை தட்டுனாரு. அப்புறம் ஹெட்போனக் கழட்டி வச்சுட்டும் பேசிப் பாத்தேன்.

பாடகர்: அப்பவுமா?

டப்பிங்காரர்: அப்பவும்தான்.

பாடகர்: உங்களுக்கு எ... எதுக்கு நிக்கணும்? நான் வந்ததுலேருந்து ஒரு எடத்துலகூடத் தட்டல. சும்மா கடகடன்னு பேசுறீங்க.

டப்பிங்காரர்: இது உங்களுக்காகப் பழகுன குரல் சார். இதுல பேசுனா நிக்காது. உங்கப்பாகிட்ட நீங்க பேசுனதக் கேட்டப்போ... இந்தக் குரல் கழண்டுக்கிச்சு.

பாடகர்: அப்போ... உங்க சொ... சொந்தக் குரல்?

டப்பிங்காரர்: இ... இதுதான், த... தம்பி. ஆ... ஆளுங்க முன்னாடி எ... எடுத்துப் ப... பல வருஷமாச்சு.