ஷாக் அப்சார்பரில் தேங்காயெண்ணெய்

“அலோ... அலோ, மாயவனுங்களா பேசறது?... ஆமாங்க, ஆமா, நான்தான். தஸ்தகீரு. கள்ளக்குறிச்சி பாத்திரக்கடை... ஞாபகம் இருக்குங்களா?... இருக்கும் இருக்கும். எப்படி மறப்பீங்க.”

தஸ்தகீர் சாலையோரப் பலாமரம் ஒன்றின் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றார். மரத்துக்கு அந்தப்பக்கம், சாமை அறுத்து முடித்த கொல்லையில், மாயவன் போனைக் காதில் வைத்தபடியே பந்தயத் தடத்தின் மேடுகளைக் காலால் மிதித்துச் சரிசெய்துகொண்டிருந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேறி வர வேண்டிய வெள்ளிமலையில் வருஷாவருஷம் ரிமோட் கார் பந்தயம் நடப்பது மாயவனுடைய அந்தக் கொல்லையில்தான். மார்கழிக் குளிர் இன்னும் விலகவில்லை. பந்தயம் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. தஸ்தகீரின் கக்கத்தில் இருந்த காரிலோ, நான்கு சக்கரத்துக்குமான ஷாக் அப்சார்பர்கள் கட்டையாக விறைத்துக் கிடந்தன.

“எங்கயா?... கடையிலதாங்க இருக்கேன். குக்கருக்குக் கேஸ்கட்டு மாத்திக்கினு இருந்தேன், சும்மா ஒரு போன் போடலாம்னு... ஆமா, ஒரு வருஷம் ஆச்சுதான்... அது ஒண்ணும் இல்லீங்க, நம்ம சிநேகிதரு ஒருத்தரு, காஜான்னு பேரு. உங்களுக்குத் தெரியாது. ரிமோட் கார் வச்சிக்கினு இருக்காரு. அது மேட்டுல ஏறி எறங்கினா தவள மாதிரி எகிறி எகிறி மல்லாந்துடுது... ஆமா... ஆமாமா, நாலு சக்கரமும்தான்... ஸ்பிரிங்கா? நல்லா கெட்டி ஸ்பிரிங்கு. இருக்கறதுலயே கெட்டியா பாத்துப் போட்டாரு... ஏன், கெட்டியா இருந்தா நல்லதுதானே?... ஓ. கரடுமுரடு எடத்துக்கு மெத்துனு இருக்கணுமா... சரிங்க. சரி சரி. சொல்லிடறேன்.”

கெட்டி ஸ்பிரிங் சிவப்பு நிறம். பார்க்க அழகாக இருந்தது. அதற்குமேல் எந்த யோசனையும் தஸ்தகீருக்கு அப்போது ஓடியிருக்கவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு சிவப்பு ஸ்பிரிங்கைக் கழற்றிப் பையில் போட்டார்.

“கழட்டியாச்சு... அவரு கழட்டிட்டாராம்... ஷாக்கு தண்ட கையால அமுக்கிப் பாக்கணுமா? இருங்க... எறங்க மாட்டேங்குதுங்க. உக்காந்த எடத்துல உக்காந்துகினு இருக்கு... ஆமா, பக்கத்துலதான் இருக்காரு... அவருகிட்டயா? குடுக்கலாம், ஆனா அவரு பேசமாட்டாருங்க, கூச்ச சுபாவம்... இல்லல்ல, இப்பதான் டீ குடிக்கப் போனாரு... எப்ப கழட்டினாருன்னா... கழட்டிட்டுதான் போனாரு.”

பொய் சொல்வதில் தனக்கு இவ்வளவு திறமை குறைவு என்று தஸ்தகீருக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரியவந்தது.

“ஆயிலா... உள்ள இன்னா ஆயிலுன்னா... அது வந்துங்க... தேங்கா எண்ண.”

மரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். மாயவன் குனிந்துகொண்டார். முதுகு குலுங்கியது.

“அலோ?... சிரிக்கறீங்களா?... இல்லயா. சரி... அந்தக் கார் ஆயிலு பாட்டில மூடாம வச்சி மொத்தமும் கொட்டிட்டாரு அந்தாளு. மறுபடி வரவழைக்க நாளாவும். எண்ணெயின்னா எல்லாம் எண்ணெதானேன்னு அவரு பொண்டாட்டி தலைக்குத் தேய்க்கற பாட்டில எடுத்து ஊத்திட்டாரு. நேத்து மத்தியானம் மொட்டமாடி வெயில்ல வுட்டுப் பாத்தா, மெத்தயில போற மாதிரி போச்சாம். தன்னப் பெரிய விஞ்ஞானின்னு நெனச்சிக்கினு ராத்திரி தூங்கவே இல்ல அந்த மடையன்... ஆமாங்க, குளுருல ஒறையும். தெரியும். சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும். அந்தாளு கொஞ்சம் மட்டம்... கள்ளக்குறிச்சியில ஏது அவ்ளோ குளுருன்னா... காலையில... கொஞ்சம்...”

அந்த நேரம் பார்த்து மினிபஸ் ஒன்று வளைவில் திரும்பி, தஸ்தகீரின் முதுகுக்குப் பின்னால் நீளமாக ஹாரன் அடித்தது. மாயவன் போனைக் காதிலிருந்து எடுத்தார். வெறும் காதிலும் அதே ஹாரன் கேட்டிருக்க வேண்டும். மெல்லத் திரும்பிப் பலாமரத்தைப் பார்த்தார். பிறகு போனை மறுபடி காதில் வைத்தார்.

“...ஆமா. மரத்துக்குப் பின்னாலதான்... வயிறு மட்டும் தெரியுதா? சரி, அது எப்பவும் தெரியும்... காஜால்லாம் யாரும் இல்ல மாயவா. நான்தான் அந்தாளு.”

மாயவன் தடத்தின் நடுவில் அசையாமல் நின்றார்.

போன வருஷம் அரையிறுதியில் மாயவனுடைய கார் தஸ்தகீருடைய காரை முந்தியது. பழைய கார், பாகங்களெல்லாம் யாரோ கழித்துப் போட்டவை. மேடுகளில் ஏறி இறங்கும்போது அது குலுங்கக்கூட இல்லை. தோற்ற கடுப்பில் தஸ்தகீர், மாயவன் ஷாக்குக்குள் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறான், திறந்து காட்டச் சொல்லுங்கள் என்று கூட்டத்தின் முன்னால் சத்தம் போட்டார். மாயவன் நான்கு ஷாக்குகளையும் திறந்து மண்ணில் கவிழ்த்தார். எல்லாரும் போடுகிற சாதாரண ஆயில்தான். மறுபடி நிரப்ப அவரிடம் ஆயில் மிச்சமில்லை. வெறும் ஷாக்கோடு இறுதிப் பந்தயம் ஓடி, முதல் மேட்டிலேயே கவிழ்ந்தார். தஸ்தகீரின் பையில் அன்று முக்கால் பாட்டில் ஆயில் இருந்தது. எடுத்துக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை.

“கேக்கறியா?... நீ சந்தைக்கு எறங்கி வரும்போதெல்லாம் என் கடயப் பாக்காம எதிர்க்கடைக்குப் போற. அது யாவாரத்துக்காகச் சொல்லல. கல்லாவுல உக்காந்துகினு உன் முதுகையே பாத்துக்கினு இருப்பேன்... கூப்புடணும்னுதான். வாய் வரல... எம் பொண்டாட்டி கமர் ஜஹான் திட்டுச்சி. இப்பவும், மலையேறுறியே, மொதல்ல அவரு வூட்டுக்குப் போன்னுதான் அனுப்புச்சி. நான் வந்து மரத்துக்குப் பின்னால நின்னுகினு போன் பண்றேன். பாத்துக்கோ என் லட்சணத்த... ஆமா... ஆமா, அன்னிக்கு என் பையில ஆயிலு இருந்துச்சி... தெரியுமா? உனக்குத் தெரியுமா?... தெரிஞ்சுமா கேக்காம இருந்த.”

தஸ்தகீர் காரைக் கக்கத்திலிருந்து எடுத்து, மார்போடு பிடித்துக்கொண்டார்.

“நீ ஆயிலு ஒண்ணும் குடுக்க வேணாம். நான் இன்னிக்கி ஓட்டல, வேடிக்க பாத்துட்டுப் போறேன்... இன்னாது?... அதெல்லாம் எதுக்கு மாயவா... தண்டுல ஒறஞ்சத சுடுதண்ணியில போட்டு எடுக்கணுமா... சரி... உள்ள தொடச்சிட்டு மெல்லிசு ஆயிலு ஊத்தணும், குளுருக்கு... சரி சரி, கேக்கறேன், சொல்லு... இரு, அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு...”

மாயவன் இணைப்பைத் துண்டித்துவிட்டார். லைன் செத்தது தஸ்தகீருக்குத் தெரிந்தது. ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் கால் நகராது என்று தோன்றியது. மரத்தைவிட்டு வெளியே வந்து, கொல்லைக்குள் இறங்கினார். இருபது முப்பது பேர் இருந்தார்கள், அங்கங்கே கார்களைப் பிரித்து வைத்துக்கொண்டு. பலருக்கு அவரை அடையாளம் தெரிந்தது.

“அலோ,” என்றார் தஸ்தகீர், செத்த போனில், கொல்லை முழுக்கக் கேட்கிறமாதிரி. “கேக்குதா? போன வருஷம் நான் சொன்னது பொய்யி. மாயவன் எந்தத் தில்லுமுல்லும் பண்ணல. தோத்த கடுப்புல சொன்னேன். தப்பு என்னுது.”

மாயவன் மண் ஒட்டிய கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டு நடந்து வந்தார். அருகில் வந்ததும், காரைக் கொடு என்று கையை நீட்டினார்.