ஓட்டுப் போட வந்தவன்

எனக்கு எழுபத்திரண்டு வயது, ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். வாக்கு எண்ணிய நாள் சாயங்காலம், ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு கம்பெனிப் பையன்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் கையில் போன்.

"மச்சான், நம்மாளு ஜெயிச்சிட்டாருடா."

"அத விடு. நாளைக்கு ஷிப்டு லிஸ்ட்ல என் பேரு இருக்குதான்னு பாரு."

"இல்லடா."

"அத்திப்பள்ளி கம்பெனில, தமிழ்நாட்டு எலெக்சனுக்கு லீவு இல்லன்னான். மீறி வந்து ஓட்டுப் போட்டேன். அன்னையிலருந்து வேலையில்ல."

"ஜெயிச்சவருகிட்ட சொல்லலாம்டா."

"கம்பெனி கர்நாடகாவுல இருக்குதேம்பாரு. அங்க இருக்கற எம்.எல்.ஏ.கிட்ட போனா, உனக்கு ஓட்டு இங்க இல்லியேம்பான். நீ பாட்டுக்குப் பாரு, நான் தூங்கறேன்."

கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டான். தூங்கவில்லை.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைப் படிச்சுக் காட்டு. ஜெயிச்சவர் பேரை எங்கேயாவது எழுதியிருந்தா அடிச்சிடு.